வண்டி சூடேறியது உன்னால் அல்ல

பிரபு, இதைக் கடையில் நின்றுகொண்டு பிரிக்காதே. மதியச் சாப்பாட்டுக்கு விடும்போது மேல்மாடியில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்காருவோம் என்று சொல்லியிருக்கிறாயே, அங்கே போய் உட்கார்ந்து படி. மலையாளம் வாசிக்கிற வேகத்தில் நீ தமிழ் வாசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசி. எழுத்தை முடிந்தவரை பெரிதாகவும் தெளிவாகவும் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் மலையாளம் நான் பரீட்சை எழுதும் மொழி. அதில் எழுத உட்கார்ந்தால் மார்க் வாங்கும்படி எழுதிவிடுவேன். இது மார்க் வாங்குகிற விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டீச்சர் ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவரப் போகிறார். படிப்பைப் பாதியில் விட்ட எங்களைப் போன்ற பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும். "யாருக்கு வேணும்னாலும் எழுதாம், ஏது பாஷையிலும் எழுதாம்" என்று சொன்னார், எந்த மொழியிலும் எழுதலாமாம். பக்கத்துப் பெஞ்சு மேரிச் சேச்சி இறந்துபோன தன் வீட்டுக்காரருக்கு எழுதுகிறார். நான் உனக்கு எழுதுகிறேன். முதல் பிரதி உன் கைக்கு வரும், அடுத்தது இதழுக்குப் போகும். உன் பெயரை ஏன் ஊருக்குக் காட்டுகிறேன் என்று கோபப்படாதே. நாலு பேர் நடுவில் நிற்கவைத்து உன்னைத் திட்டினார்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கும்போது உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னால் அது நியாயமாகாது.

போன ஞாயிறு நீ வந்தபோது கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே அந்த வேலையைப் பற்றிச் சொன்னாய். பாலக்காட்டுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் பலகைகள். பலகைகளுக்கு நடுவே புல் உயர்ந்து நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும். அதனால் வருஷம் முழுக்கப் புல் வெட்ட ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, ஏடிவி என்கிற நாலு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்புறம் என்னடா, உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?" என்றேன். நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்மா. ஒரு வண்டிய எரிச்சது போதும். இன்னொருத்தன் வண்டியையும் எரிக்கணுமா?" என்றாய். அப்பா எதுவும் கேட்காதவர் போல எழுந்து கை கழுவப் போனார். இரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் இப்படித்தான். அவர் "சாப்டியா?" என்பார், நீ "ம்" என்பாய், அதோடு அந்த வாரப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த வண்டியை நீ எரிக்கவில்லை. நான்தான் எரித்தேன். இதை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை போய் வந்தேன். ஆனாலும் அடித்து எழுதவில்லை. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், இதழைப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும். அப்பா கொச்சி மட்டாஞ்சேரியில் இருபது வருஷம் ஆட்டோ ஓட்டினார். அதற்குப் பிறகு வைப்பினில் காயலோரம் இருந்த ஒரு பெரிய மைதானத்தில் புல் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற மைதானம். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் தன் ஏடிவியை விற்றார், அதை வாங்கினோம். நாலு தடித்த சக்கரம், பைக்கைப் போல ஹேண்டில், மணலோ சேறோ எதிலும் ஓடும். அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க ஒரு புல்வெட்டி. வண்டியும் புல்வெட்டியும் அந்த மைதானத்து ஷெட்டிலேயே கிடந்தன. நீங்கள் இருவரும் காலையில் வண்டிகளையும் ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் ஏறி அக்கரைக்குப் போய் வருவீர்கள்.

வண்டியோடு ஒரு புத்தகமும் வந்தது. ஆங்கிலம். அப்பா அதை ஷெட்டு மேஜை ஆடாமலிருக்க அடியில் வைக்கப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவேன் என்று உனக்குத் தெரியுமே. அகராதியை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதத்தில் முழுப் புத்தகத்தையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி முடித்தேன். முக்கியமான வரிகளுக்குச் சிவப்புக் கோடு. கோடில்லாத வரியே இல்லை என்று நீ கேலி செய்தாய். அப்பா சாயா குடிக்கும்போது, "எங்க வீட்டு எஞ்சினியரம்மா இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு படித்ததற்காக என்னை ஒருவர் ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இந்தப் பெருமையைக் குறித்துக்கொள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

அந்த வருஷ ஆயுத பூஜை. மழைக்காலம் முடிந்து மைதானத்துப் புல் முழங்கால் உயரம் நின்றது. அதுவரை வண்டியை அப்பாதான் ஓட்டினார், நீ கூட இருந்து கற்றுக்கொண்டாய். "விஜயதசமி அன்னிக்குச் சாவி உனக்கு. நீ தனியா இறங்கு" என்று அவர் சொல்லியிருந்தார். அன்றே எனக்கு அந்த எண்ணம் வந்தது. நம் ஆட்டோவின் முன்கண்ணாடியில் உன் பெயர் இருந்தது. தெருவில் ஓடும் எந்த ஆட்டோவிலும் பிள்ளைகள் பெயர் இல்லாமல் இருக்காது. உன் சொந்த வண்டியில் உன் பெயர் இல்லாமல் இருக்கலாமா? தகரத்தில் ஒரு போர்டு செய்யச் சொல்லி வாங்கி, நானே பெயின்ட் அடித்து எழுதினேன். பிரபு என்று தமிழில், அதற்குக் கீழே மலையாளத்தில், அதற்கும் கீழே ஆங்கிலத்தில். மூன்று எழுத்திலும் என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று காட்டும் ஆசையில் போர்டு வளர்ந்துகொண்டே போனது. ஒரு முழத்துக்கு மேல் அகலம், ஏறக்குறைய அதே உயரம்.

பூஜை அன்று ஷெட்டில் நான் அதை வண்டியின் முன்னால் பிடித்துக் காட்டினேன். அப்பா, "பின்னாடி கட்டேன்" என்றார். "பின்னாடி புல்வெட்டி இருக்கு. அதுக்குப் பின்னாடி யார் வந்து படிப்பா? எதிரில வர்றவங்க பார்க்கணும்" என்றேன். "உன் இஷ்டம், தேங்காய எடு" என்று சொல்லிவிட்டு அவர் கற்பூரம் தேடப் போனார். நீ ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தாய். முன் கம்பியில் நான்கு இடத்தில் இறுக்கினேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டோம். அந்தப் போர்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால்தான் எனக்கே புரிந்தது. நாம் ஆட்டோக் குடும்பம். ஆட்டோவில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. முன்னால் மாலை போடு, போர்டு மாட்டு, வாழைக்கன்று கட்டு, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. இருபது வருஷமும் வண்டியின் முகத்தை அலங்காரத்துக்கான இடம் என்றே நினைத்துப் பழகியிருந்தோம். ஏடிவி அப்படி இல்லை. அதன் முகத்தில் இருக்கும் வலைக்குப் பின்னால்தான் ரேடியேட்டர். அது அந்த வலை வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உன் பெயரை எழுதி அந்த மூக்கை நான் மூடிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நீ தனியாகப் போனாய். அன்று சாயங்காலமே மைதானத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்குள் முடித்தாக வேண்டும் என்று மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நான் மதியம் சோறு கட்டிக்கொண்டு ஜங்காரில் வந்தேன். நான் வரும்போது வண்டி மைதானத்தின் நடுவில் நின்றிருந்தது. உன் முகம் வெளுத்திருந்தது. "அம்மா, சிவப்பு லைட்டு மூணு தடவை வந்துச்சு. மூணு தடவையும் நிறுத்தி ஆறவச்சேன். இப்ப ஒரு சத்தம் கேட்டு நின்னே போச்சு. நீ படிச்சுச் சொன்ன மாதிரி லோ கியர்லதான் போட்டேன். பாரு, இப்பவும் லோலதான் கிடக்கு" என்றாய். நான் பார்த்தேன். கியர் லோவில்தான் இருந்தது. பிறகு நீ தண்ணீர் எடுக்க ஷெட்டுக்கு ஓடினாய்.

நான் வண்டியின் முன்னால் போய்க் குனிந்தேன். போர்டைத் தொட்டவுடன் கை சுட்டது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. போர்டுக்கும் வலைக்கும் நடுவில் புல்தூளும் பஞ்சு போன்ற புல்விதையும் மெத்தை போல அடைந்திருந்தன. பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, பிரபு. என் நோட்டில் எந்தப் பக்கம், எந்த வரி என்பதுகூட ஞாபகம் வந்தது. "வண்டியின் முன்வலையை எதனாலும் மறைக்கக் கூடாது" என்று நானே மொழிபெயர்த்து, நானே சிவப்புக் கோடு போட்ட வரி. சாப்பாட்டுப் பையில் இருந்த கரண்டிக் காம்பால் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, போர்டைக் கழற்றி, தகரத்தை மடக்கி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சோற்றுப் பாத்திரம் அதன்மேல். மைதானத்து ஆட்கள் இரண்டு பேர் வண்டியை நிழலுக்குத் தள்ளலாம் என்று வந்தார்கள். கியர்க் கம்பியை அப்படியும் இப்படியும் ஆட்டி, வண்டி நகராததால் கடைசியில் ஹையில் விட்டுவிட்டுப் போனார்கள். அதையும் நான் பார்த்தேன்.

அப்பா வந்ததும் நடந்தது உனக்கு மறக்காது. அவர் முதலில் கியரைப் பார்த்தார். "ஹைல போட்டு இழுத்திருக்கான். புல்லு இவ்வளவு உசரம், பின்னாடி இத்தனை பாரம், இவன் ரேஸ் விட்டிருக்கான்!" என்று கத்தினார். நீ, "இல்லப்பா, லோலதான்... அம்மாகிட்டக் கேளுங்க" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது, "ஆமாம், லோவில்தான் இருந்தது" என்று சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி "அப்போ ஏன் சூடாச்சு?" என்று வந்திருக்கும். பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் கவனிக்கல" என்றேன். மேனேஜர், "எந்தா சேட்டா இது, வைகிட்டு கல்யாணமாணு!" என்று சாயங்காலக் கல்யாணத்தை நினைத்துத் தலையில் கை வைத்தார். அப்பா அவர் முன்னால், ஆட்கள் முன்னால் உன்னைக் காட்டி, "இவன் கைக்கு வண்டி ஆகாது. ஆகவே ஆகாது" என்று சொன்னார்.

சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது, அதையும் விட்டேன். பள்ளுருத்தி வொர்க்‌ஷாப்பில் சாஜு சேட்டன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சேச்சி, ஓட்டறப்ப முன்பில எதாவது அடஞ்சு கிடந்தோ? காத்து கிட்டாத மாதிரி இருக்கு" என்று நேராக என்னிடம் கேட்டார். அப்பா போனில் பேசிக்கொண்டு வெளியே நின்றார். "ஒண்ணும் இல்லையே" என்றேன். சாஜு சேட்டன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆங், ஆயிக்கோட்டே", சரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போர்டு எங்கே என்று இரண்டு நாள் கழித்து அப்பா கேட்டார். "நான்தான் கழட்டினேன். அவன் பேரை அந்த வண்டியில பார்க்க முடியல" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். பொய்க்குக் கிடைத்த அந்த ஆறுதலைப் போல என்னைக் குத்தியது வேறு எதுவும் இல்லை. நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டாய், அம்மாவே என் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டாள் என்று நினைத்தாய். அடுத்த வாரமே பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாய். போர்டை அப்பா கேட்ட மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன், அது இப்போது எங்கே இருக்கிறதோ. வைப்பின் வேலை கையைவிட்டுப் போனது. அப்பா திரும்பவும் ஆட்டோவுக்குப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அப்பாவின் கோபத்துக்குப் பயந்தேன் என்று எழுதினால் பாதி உண்மைதான். என்மேல் அவர் கோபப்பட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். உண்மையான காரணம் அந்த நோட்டு. "புத்தகம் முழுக்கப் படிச்சவதானே நீ?" என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்பதற்காக உன்னை மாட்டிவிட்டேன். வகுப்பில் தப்பான விடை சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதினேன் என்று கைகாட்டும் பெண்ணைப் போல நடந்துகொண்டேன். உனக்கு அப்போது இருபது வயது. நான் கைகாட்டியது என் மகனை.

நான் எதையாவது மூடிக் கெடுப்பது அது முதல் தடவையும் இல்லை. நீ மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு போர்வையும் அப்பாவின் ஸ்வெட்டரும் சுற்றி உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக்கொண்டே, "சூடு வெளியே போக வேண்டாமா? பிள்ளையை வேக வைக்கிறீங்களா?" என்று திட்டினார். அன்றைக்கு உடனே ஒப்புக்கொண்டேன். அப்போது என்னை யாரும் எஞ்சினியரம்மா என்று கூப்பிடவில்லை.

இப்போது அந்த நோட்டிலிருந்து உனக்குத் தேவையானதை எழுதுகிறேன். நீ அந்த வேலைக்குப் போகிறாயோ இல்லையோ, இதை வைத்துக்கொள். படித்ததை மட்டும் எழுதவில்லை, எதனால் அப்படி என்பதையும் எழுதுகிறேன். அன்று நான் காரணம் புரியாமல் மனப்பாடம் செய்ததால்தான் என் கண்ணெதிரே இருந்ததைக் கோட்டைவிட்டேன். ஏடிவி சாலையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்து அதைக் குளிரவைக்கும். புல்வெட்டியை இழுக்கும்போது வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், காற்று குறைவு. அதனால் அந்த நேரத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன விசிறிதான் எல்லாம். காலையில் முதல் வேலையாக எஞ்சினை ஓடவிட்டு, அது சூடாகும்போது விசிறி தானாகச் சுழல்கிறதா என்று காதால் கேள். கேட்காவிட்டால் அன்று புல்வெட்டியை மாட்டவே மாட்டாதே. மேஸ்திரி யாராக இருந்தாலும், "கொஞ்ச நேரம்தானே" என்று சொன்னாலும், மாட்டாதே.

லோ கியரை விடாதே, நீ அன்று செய்ததுதான் சரி. ஹையில் போட்டு மெதுவாக இழுத்தால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கிச் சூடாகும், எஞ்சினும் திணறும். புல் முழங்கால் உயரம் இருந்தால் ஒரே தடவையில் அடியோடு வெட்டப் பார்க்காதே. புல்வெட்டியை உயர்த்தி வைத்து ஒரு சுற்று, பிறகு இறக்கி இன்னொரு சுற்று. நேரம் கூடும், ஆனால் பாரம் பாதியாகும். பிளேடு மழுங்கியிருந்தாலும், புல்வெட்டியின் சக்கரத்தில் காற்று குறைந்திருந்தாலும் வண்டி தேவையில்லாமல் இழுக்கும். கிளம்பும் முன் புல்வெட்டியைக் கழற்றிக் கையால் ஒரு முறை தள்ளிப் பார். உன் கைக்கு அது கனமாக வந்தால் வண்டிக்கும் அப்படித்தான் இருக்கும்.

பாலக்காட்டுக் காற்று நம் காயல் காற்று இல்லை. காய்ந்த காற்று, புல்தூள் பறக்கும். முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்கி முன்வலையைப் பார். தூள் ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டு. நாள் முடிந்து எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீர் விடு, உள்ளே போன வழியாகவே தூள் வெளியே வரும். முன்னாலிருந்து வேகமாகப் பீய்ச்சினால் தூள் இன்னும் உள்ளே இறுகும், அந்த மெல்லிய தகடுகளும் மடங்கிப் போகும். கூலன்ட் டப்பாவில் தண்ணீர்க் கோடு எங்கே நிற்கிறது என்று ஆறிய வண்டியில் காலையில் பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, கொதிக்கும் ஆவி முகத்தில் அடிக்கும். சிவப்பு விளக்கு வந்தால் புல்வெட்டியை நிறுத்து, காற்று வருகிற பக்கம் வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்து. விசிறி ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சினைச் சும்மா ஓடவிடு. தண்ணீர் ஒழுகினாலோ விசிறி நின்றிருந்தாலோ உடனே அணைத்துவிடு. இரண்டாம் தடவையும் விளக்கு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. மூன்றாம் தடவைக்குக் காத்திருக்காதே. யார் என்ன சொன்னாலும்.

இந்தக் கடைசி மூன்று வாக்கியத்தை நான் முதலில் எழுதவில்லை. அப்பா ஒரு விஷயம் சொன்ன பிறகு சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலை சாயா கொடுத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, பை, கியர், சாஜு சேட்டன் கேட்டது, ஒன்றும் விடவில்லை. அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அப்போ அவன் லோலதான் ஓட்டினானா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "நான் அவன அங்க நிக்க வச்சுத் திட்டிக்கிட்டு இருந்தப்போ, அது உன் பைல இருந்துச்சா?" "ஆமாங்க." சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். மதியம் சாப்பிட வரவில்லை. நாலு மணிக்கு வந்து நிலைப்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"கடுதாசி எழுதறேன்னியே, எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அதுல இதையும் எழுது. அன்னைக்கு ரெண்டாவது தடவை லைட்டு வந்தப்போ அவன் எனக்குப் போன் பண்ணான். 'அப்பா, நிறுத்திடட்டுமா'ன்னு கேட்டான். நான்தான், 'பத்து நிமிஷம் ஆறவச்சுட்டு ஓட்டுடா, சாயங்காலம் கல்யாணம், மானத்த வாங்காத'ன்னு சொன்னேன். அவன் நிறுத்தத்தான் நினைச்சான். அத நான் யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல."

எனக்கு இது தெரியாது, பிரபு. நீயும் இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட இதைச் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக உன் தலையில் ஒன்றையே ஏற்றிவைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் நடமாடியிருக்கிறோம். "அவன்கிட்ட நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். "எனக்கு அதெல்லாம் வராது. நீ எழுது, அதுதான் உனக்கு வருமே" என்றார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ஆகவே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்பது உன் விருப்பம். துணிக்கடையே பிடித்திருக்கிறது, கொச்சியை விட்டுப் போக மனமில்லை என்றால் அதையே சொல், அது நல்ல காரணம். ஆனால் வண்டி என் கைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லாதே. அன்று அந்த மைதானத்தில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருந்தோம், அதில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தவன் நீ ஒருவன்தான். மன்னித்துவிடு என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு ரொம்பச் சுலபமாகப் போய்விடும். கோபப்பட வேண்டிய அளவுக்குக் கோபப்படு. ஞாயிற்றுக்கிழமை வந்து கோபப்பட்டாலும் சரி, கப்பை வைத்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை அப்பாதான் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்திருப்பார். தபாலில் போடலாம் என்றேன், கேட்கவில்லை. "கொடுத்துட்டு உடனே கிளம்பிடுவேன், படிக்கறப்போ நான் எதுக்கு அங்க" என்றார். ஆனால் நாலு மணிக்குத் திரும்பக் கடைக்கு வருவார், எனக்குத் தெரியும். உன் கவுன்டருக்கு வந்து வேட்டி காட்டச் சொல்வார். அவரிடம் வேண்டிய அளவு வேட்டி இருக்கிறது. ஓணத்துக்கு எடுத்தது இன்னும் மடிப்புக் கலையவில்லை. நீ அதைச் சொல்லிக் காட்டாதே. ஒற்றை, இரட்டை, சரிகைக் கசவு, கரை மெல்லியது, கரை பட்டையானது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டு. எதுவும் பிடிக்கவில்லை என்பார். இன்னொன்றை எடு. பேச்சு வருகிற வரைக்கும் பிரித்துக்கொண்டே இரு.